பறங்கிக்காய் என்றால் படகு

ஓடுகிறேன். 2021 மார்ச். ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது நாற்பது. தேதியை எழுத மாட்டேன். எழுதினால் எங்கள் தெரு எது என்று தெரிந்துவிடும். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நேரத்தை மாற்றவில்லை. சத்தத்தை மாற்றவில்லை.

வலது கையில் மா கின்னின் மணிக்கட்டு. மா கின் என் மனைவி. இடது கையில் பை. பையில் மூன்று அடையாள அட்டை, என் மாலுமிப் புத்தகம், ஒரு தண்ணீர் பாட்டில். பின்னால் தெருவின் வடக்கு முனையில் டொம். இன்னொரு டொம். அது சத்தக் குண்டு. காதை அடைக்கும். ஆளைக் கொல்லாது. இருபத்திரண்டு வருடம் கப்பல் இயந்திர அறையில் எண்ணெய் போட்டவன் நான். சத்தத்தைப் பிரிக்கத் தெரியும்.

அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் அந்தக் குரல் வந்தது.

"பறங்கிக்காய்! பறங்கிக்காய்! பறங்கிக்காய்!"

பாக்கியம் அக்காவின் குரல். மூன்று முறை. சொல்லி வைத்தபடி.

தெரு முழுக்க ஆட்கள் தெற்கே ஓடுகிறார்கள். ஆற்றுப் பக்கம். செருப்புகள் கழன்று கிடக்கின்றன. வடக்கு முனை புகையில் தெரியவில்லை. நான் நின்று வீட்டு மாடியைப் பார்க்கிறேன். என் மகள் திரி மேலேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மூன்றாம் மாடியில் தையற்காரர் ஊ பா ஜன்னலில் நிற்கிறார். கால் ஊனம். இறங்கி ஓட முடியாது. என்னைப் பார்த்துப் பர்மிய மொழியில் கத்துகிறார்.

"திரி ப்யே பி! திரி ப்யே பி!"

திரி ஓடிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷம்தான். என் மகள் என்னைவிட வேகமாக ஓடுவாள். முன்னால் போயிருப்பாள்.

ஸ்ட்ராண்ட் ரோட்டைக் கடக்கிறோம். கிட்டங்கிகளுக்கு நடுவே சந்து. சந்து முடிந்தால் சேறு. சேற்றில் படகுக்காரர் ஊ லாவின் மோட்டார் படகு. ஏறுகிறோம். எண்ணுகிறேன். இந்தப் படகில் யார் யார் என்று பட்டியல் போட்டவனே நான்தான். பத்துப் பேர். எண்ணினால் ஒன்பது. மறுபடி எண்ணுகிறேன். ஒன்பது.

"திரி எங்க?" மா கின் கேட்கிறாள்.

"அடுத்த படகுல ஏறியிருப்பா. குனிஞ்சு உக்காரு."

இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஆற்றின் நடுவில் இருக்கும்போது கேட்டது. டக். டக் டக். டக். நான்கு. ரப்பர் குண்டு மந்தமாகச் சத்தம் போடும். இது காய்ந்த சத்தம்.  அக்கரையில், டாலாவில் இறங்கி நின்றோம். இரண்டாவது படகு வந்தது. மூன்றாவது படகு வந்தது. நான்காவது படகு கிடையாது.

ப்யே என்றால் பர்மிய மொழியில் ஓடுவது. எந்தப் பக்கம் ஓடினாள் என்பது அந்த வார்த்தையில் இல்லை. ஊ பா சொன்னது பொய்யே இல்லை. என் மகள் ஓடினாள். வடக்கே ஓடினாள்.

ஏன் ஓடினாள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிலிப்பீன்ஸ் வரைக்கும் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான் முருகேசன். மாலுமிப் புத்தகத்தில் கோ மியோ. தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவுக்குத் துறைமுகக் கூலியாக வந்தவர். நான் இங்கே போட்டாதாங் பேட்டையில் பிறந்தவன். மகளுக்குத் திரி என்று பெயர் வைத்தது மா கின். பர்மிய மொழியில் அது ஸ்ரீ. மங்களம். நான் அதைத் தமிழில் விளக்குத் திரியாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் திருப்தி. ஒரே வார்த்தையை இரண்டு அர்த்தத்தில் வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கம்தான் என் வீட்டை அழித்தது.

என் கடைசிக் கப்பலில் போசன், அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி, ஒரு பிலிப்பீன்ஸ்காரர். டோடோங் என்று கூப்பிடுவோம். செபு தீவு. பதினோரு மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் பேசுவதெல்லாம் அவர் நாட்டைப் பற்றித்தான். ஸ்பெயின்காரன் முந்நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. அவனை விரட்டினால் அமெரிக்காக்காரன் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஜப்பான்காரன். பிறகு சொந்தக்காரனே சர்வாதிகாரி ஆனது. 1986 பிப்ரவரியில் மணிலாவின் அகலமான சாலையில் ஜனம் லட்சக்கணக்கில் வந்து டாங்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்தது. கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு மண்டி போட்டார்கள். பெண்கள் சிப்பாய்களுக்குச் சாப்பாடும் பூவும் கொடுத்தார்கள். டாங்கி திரும்பிப் போனது. நாலே நாள். சர்வாதிகாரி ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தான்.

அதற்குப் பிறகு புதுச் சட்டம் எழுதினார்கள். ஜனாதிபதிக்கு ஆறு வருடம், ஒரே முறை. மறுபடி நிற்க முடியாது. எங்கள் சட்டத்தில் நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு நாற்காலி சீருடைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைச் சொன்னபோது டோடோங் வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுக் கேட்டார், அதற்கு எதற்குத் தேர்தல் என்று. 

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது பராங்காய். அவர்கள் அரசாங்கத்தில் ஆகக் கடைசிப் படி அது. மேலே ஜனாதிபதி, செனட், மாகாணம், நகரம். எல்லாவற்றுக்கும் கீழே பராங்காய். நாலைந்து தெரு சேர்ந்தது. அதற்கு ஒரு கேப்டன், ஏழு உறுப்பினர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டோடோங்கின் அண்ணன் ஒரு பராங்காய் கேப்டன். புருஷன் பெண்டாட்டி சண்டை, நாய் கடித்த வழக்கு, குப்பை, எல்லாம் அவர் வாசலில்தான் தீரும். பழைய காலத்தில் பராங்காய் என்றால் படகு. கடல் கடந்து ஒரு படகில் வந்த குடும்பங்கள் கரையில் ஒரே இடத்தில் குடியேறின. படகுத் தலைவன் ஊர்த் தலைவன் ஆனான். படகின் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது.

படகில் வந்தவனின் பேரன் நான். எனக்கு இது இனிக்காமல் வேறு யாருக்கு இனிக்கும்?

கொரோனாவில் ஒப்பந்தம் முடிந்து கரையில் மாட்டிக்கொண்டேன். வேலை இல்லை. டீக்கடை, வீடு, டீக்கடை. 2021 பிப்ரவரி முதல் தேதி காலை போன் வேலை செய்யவில்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அன்று டீக்கடையில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். நான் கப்பல்காரன். வாயைத் திறந்தேன். மணிலாக் கதையைச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். கூட்டம் சேர்ந்தது. திரி முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் டாங்கி இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பிப் போனது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். டோடோங் அதையும் சொல்லியிருந்தார். மணிலாவில் ஜனம் தெருவுக்கு வருவதற்கு முன்பே பட்டாளம் இரண்டாகப் பிளந்துவிட்டது. பாதுகாப்பு மந்திரியும் ஒரு பெரிய தளபதியும் எதிர்ப்பக்கம் வந்து முகாமுக்குள் உட்கார்ந்தார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் ஜனம் வந்தது. அந்த நாலு நாளுக்கு முன்னால் பதினாலு வருட அடக்குமுறை இருந்தது. அதில் டோடோங்கின் சித்தப்பா காணாமல் போனார். எலும்பு கூடக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் நான் டீக்கடையில் சொல்லவில்லை. முழுப் பறங்கிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஜனத்துக்குத் தைரியம் வேண்டும், அதனால் மறைத்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கைதட்டு வாங்கும் கதையை யார் பாதியில் நிறுத்துவார்கள்?

பட்டாளம் வார்டுக்குப் புதுத் தலைவரை நியமித்தது. நாங்கள் ஏற்கவில்லை. நமக்கு ஒரு பராங்காய் வேண்டும் என்று தெருவே சொன்னது. பதினொரு வீடு. டீக்கடை மேசையில் இரண்டு டின். ஆளுக்கு ஒரு கொண்டைக்கடலை. ஒரு டின் டீக்கடைக்காரர் கோ அவுங்குக்கு. இன்னொன்று பாக்கியம் அக்காவுக்கு.

பாக்கியம் அக்கா தெருவின் வடக்கு முனையில் காய்கறி விற்பவர். வயது ஐம்பத்தெட்டு. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் திருநீறு. இரண்டும் தவறாது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் உண்டு. அலோன் துறைமுகத்துக் கூலி லைனில் பிறந்த வாய். அவர் டின் நிரம்பிவிட்டது. கோ அவுங் கூட அவருக்குத்தான் போட்டார் என்று பிறகு தெரிந்தது.

"என்னப்பா பதவி இது? பறங்கிக்காயா?"

"பராங்காய், அக்கா."

"அதத்தான் நானும் சொல்றேன். பறங்கிக்காய் கேப்டன். வித்துக்கிட்டிருந்தவள அதுக்கே தலைவியாக்கிட்டீங்க."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த மாதம் நாங்கள் சிரித்ததும் உண்டு. அதையும் பதிவு செய்கிறேன்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் அடையாளச் சொல் பிறந்தது. அக்கா தினமும் பர்மிய மொழியில்தான் கூவி விற்பார். பறங்கிக்காய்க்கு ஃபயோன் தீ என்பார். தமிழில் கூவியதே கிடையாது. யாருக்கு வேண்டும் தமிழ்? ஆகவே பட்டாளமோ போலீசோ வந்தால் அக்கா தமிழில் கூவ வேண்டும். பறங்கிக்காய் என்று மூன்று முறை. வருகிறவனுக்கு அது காய்கறிக்காரியின் சத்தம். எங்களுக்கு அது பராங்காய். வீட்டை விட்டு எல்லோரும் வெளியே வா. வடக்கு முனையில் வந்து நில். தெருவில் இருந்த பர்மாக்காரர்கள் எல்லோரும் ஒரு தமிழ் வார்த்தையைக் கற்றுக்கொண்டார்கள். ஊ பாவுக்கு ற வரவே இல்லை. ஒரு வாரம் பழகினார்.

பிப்ரவரி மூன்றாவது வாரம் அது நடந்தது. மா சூ என்ற நர்ஸ் எங்கள் தெருவில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் செய்தவள். அவளைப் பிடிக்க ஒரு போலீஸ் வண்டி வந்தது. மாலை நாலு மணி ஐந்து நிமிடம். அக்கா கூவினார். முதலில் ஓடிப்போய் நடுத்தெருவில் நின்றவள் திரி. கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றாள். பின்னால் தெருவே வந்துவிட்டது. தட்டு, கரண்டி, சட்டி, பிள்ளைகள். சத்தம் வானத்தைப் பிளந்தது. இருபது நிமிடம். வண்டி பின்வாங்கிப் போனது.

அன்று திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள், மணிலா மாதிரியே இருந்ததப்பா என்று. நான் ஆமாம் என்றேன்.

மார்ச் வந்தது. வேறு தெருக்களில் நின்றவர்களைச் சுட்டார்கள். தலையில் சுட்டார்கள். ஓடியவர்களை முதுகில் சுட்டார்கள். பூ கொடுத்தவர்களும் செத்தார்கள். இங்கே பட்டாளம் பிளக்கவில்லை. நான் சொல்லாமல் விட்ட பாதி, ஒவ்வொரு தெருவாக நடந்து எங்களை நோக்கி வந்தது.

ஒரு புதன்கிழமை பகல் டீக்கடையில் கூடினோம். இனி நிற்க வேண்டாம் என்று முடிவு. தெற்கே ஓட வேண்டும். ஆற்றைக் கடந்து டாலா. மூன்று படகு. பட்டியல் நான் எழுதினேன். அடையாளச் சொல்லை மாற்றலாமா என்று கோ அவுங் கேட்டார். வேண்டாம் என்றேன். இதைக் கற்றுக்கொடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் படிப்பைக் காட்ட வேண்டாமா? பராங்காய் என்றால் ஆதியில் படகுதானே, இனி அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம், பறங்கிக்காய் என்றால் படகு என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் இரண்டு முறை கேட்டார்.

"நேத்து வரைக்கும் வான்னு அர்த்தம். இன்னைலேருந்து போன்னு அர்த்தம். சரியா வருமா தம்பி?"

"வரும்க்கா. வீடு வீடா நானே சொல்லிடறேன்."

கப்பலில் ஒரு மணிக்கு ஒரே அர்த்தம். ஏழு சின்ன ஒலி, ஒரு நீள ஒலி என்றால் ஆபத்து, கூடும் இடத்துக்கு வா. எந்தக் கடலிலும் அதே. அதை மாற்றினால் ஆள் சாவான். கப்பலில் கால் வைத்த முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம் இது. இருபத்திரண்டு வருடம் கப்பலில் இருந்தவன் மறந்துவிட்டேன்.

வீடு வீடாகச் சொன்னேன். பதினொரு வீட்டிலும். என் வீட்டில் மா கின்னிடம் சொன்னேன். திரி அப்போது வீட்டில் இல்லை.

அவள் செவ்வாய்க்கிழமையே நகரத்தின் வடகோடியில் இருக்கும் இன்சீனுக்குப் போயிருந்தாள். என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு. என் அத்தான் ரயில் பட்டறைக்காரர், வேலைநிறுத்தத்தில் இருந்தார். ரயில்வே குடியிருப்பிலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். சாமான் தூக்க உதவிக்குப் போனாள். நகரத்தைச் சுற்றும் ரயில் ஓடவில்லை. பஸ் இல்லை. வழியெல்லாம் தடுப்பு. இன்டர்நெட் அணைத்துவிட்டார்கள். போனில் பேசினோம். ஆனால் போனில் சொல்லலாமா? ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் பயம். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வந்து நின்றாள். இருட்டு பிரிவதற்குள் கிளம்பி நடந்தே வந்திருக்கிறாள். கால் இரண்டும் கொப்பளம். மா கின் ஒரு கிண்ணத்தில் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய சேமியா, வைத்தாள். என் பயம் கோபமாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"யாரு உன்ன வரச் சொன்னது? வழியில சுட்டிருந்தா?"

அவள் பர்மிய மொழியில் பேசுகிறவள். நான் தமிழில் பேசினாலும் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அன்று வந்தது.

"நீதானே சொன்ன? நின்னாங்க, நின்னாங்கன்னு நூறு வாட்டி சொன்னியே? இப்ப ஓடு, ஒளிங்கிறியா?"

"ஆமா. இனிமே யாரும் நிக்க வேணாம்."

"அப்ப அந்தக் கதை பொய்யா?"

 பொய் இல்லை, பாதி என்று சொல்லியிருக்க வேண்டும். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது மணி. பின்னாலேயே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். மூன்றே வார்த்தை. பறங்கிக்காய் என்றால் படகு. பிள்ளை களைத்துப்போய் வந்திருக்கிறாள், தூங்கி எழட்டும், கோபமும் ஆறட்டும் என்று நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று மா கின் நினைத்தாள். நானும் அவசரப் பையோடு மா கின்னும் ஊ லாவின் படகில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கத் தெற்கே போனோம். டீசல் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அக்காவின் குரல் கேட்டது.

நாற்பது நிமிடம்.

இனி எழுதுவது நான் பார்த்ததல்ல. ஊ பா ஜன்னலிலிருந்து பார்த்தது. அவரை நான் நாலு முறை சொல்ல வைத்தேன். நாலு முறையும் ஒன்றுபோல் சொன்னார்.

இரண்டு லாரி. அக்கா மூன்று முறை கூவினார். ஏற்பாட்டின்படி அவர் பக்கத்துச் சந்தில் புகுந்து போய்விட வேண்டும். புகுந்துவிட்டார். எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. திரி வெறுங்காலோடு வந்தாள். கொப்பளக் காலோடு வடக்கே ஓடினாள். அவளுக்கு எதிரே யாரும் வரவில்லை. கூடவும் யாரும் வரவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்தவர்கள், தெற்கேயே போய்விட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் நடுத்தெருவில் நின்றாள். கைகளை விரித்தாள்.

சத்தக் குண்டு போட்டார்கள். ஒன்று அவள் வலப்பக்கம் வெடித்தது. அவள் நின்றாள். புகை கலைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாளாம். தெரு காலி.

அக்கா சந்திலிருந்து பார்த்துவிட்டார். போனவர் திரும்பி வந்தார். ஓடி வந்து திரியின் கையைப் பிடித்து இழுத்தார். ஊ பாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தை அப்படியே சொல்லிக் காட்டினார். நான் புரிந்துகொண்டேன்.

"படகுடி! படகு! போடி, போ!"

பிறகு நாங்கள் ஆற்றின் நடுவில் கேட்ட நான்கு. அக்கா விழுந்தார். திரி போகவில்லை. உட்கார்ந்து அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒன்பது நாற்பத்தாறு என்றார் ஊ பா. அவர் தையல் அறையில் சுவர்க் கடிகாரம் உண்டு. அக்காவை ஒரு லாரியில் போட்டார்கள். திரியை இன்னொரு லாரியில் ஏற்றினார்கள். நர்ஸ் மா சூவைத் தேடித்தான் வந்தார்கள். மா சூ என் படகில் இருந்தாள்.

திங்கட்கிழமை நான் திரும்பினேன். தெருமுனையில் கூடை கிடந்தது. தராசு இல்லை. ரத்தத்தை யாரோ கழுவியிருந்தார்கள். காய்கறிகளை யாரும் தொடவில்லை. எங்கள் தெருவில் காய்கறியை எடுக்காமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

அலைந்தேன். போலீஸ் நிலையம், இன்னொரு போலீஸ் நிலையம், சிறை வாசல். மா கின் சோறு கட்டிக்கொண்டு போவாள். வாங்கிக்கொண்டால் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். மூன்றாவது வாரம் வாங்கிக்கொண்டார்கள். மா கின் தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில். சிறையில் மகள் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட வைத்தார்கள். அதை நான் மன்னிக்க மாட்டேன். அக்காவின் உடலைக் கடைசி வரை தரவில்லை. உறவு யார் என்று கேட்டார்கள். தெரு என்றேன். அந்த உறவுக்குத் தாள் இல்லை என்றார்கள்.

மூடிய அறைக்குள் விசாரணை. மூன்று வருடம் தண்டனை.

அவள் உள்ளே இருந்தபோது டோடோங்கிடமிருந்து செய்தி வந்தது. 2022 மே. அவர்கள் விரட்டிய சர்வாதிகாரியின் மகனே ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆகிவிட்டான். ஒருவன் இரண்டாம் முறை வரக் கூடாது என்று எழுதினோம், அவன் பிள்ளையைப் பற்றி எழுத மறந்துவிட்டோம் என்று எழுதியிருந்தார். சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீக்கடைக்குப் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் கதை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருபது மாதம் கழித்துப் பொது மன்னிப்பில் விட்டார்கள். சிறை வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். இடது பக்கம் நின்று பேசினால்தான் கேட்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை, நான் வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தபோது, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பர்மிய மொழியில் பேசினாள். குரல் உயரவில்லை. நான் தமிழில் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் முப்பது எண்ணுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். அன்றைக்கும் எண்ணினேன். முதல் குண்டு வெடித்ததும் ஒரு காது போய்விட்டது. அதனால் நீங்கள் வருவது எனக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வீட்டில் சட்டியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். மறுபடி முன்னால் பார்த்து எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணினேன் அப்பா.

அப்பா என்பது மட்டும் தமிழ்.

நான் சொன்னேன். புதன்கிழமை, டீக்கடை, படகு, எல்லாம். மணிலாவின் மறு பாதியையும் சொன்னேன். முழுதாகக் கேட்டாள். நீ என்னைத் திட்டு என்றேன். திட்டவில்லை. எழுந்து போய் மொஹிங்கா சாப்பிட்டாள்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவை என்று அறிவித்தார்கள். பெண்களும் சட்டத்தில் உண்டு. அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஏப்ரலில் போய்விட்டாள். எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன். கடைசியாக வந்த செய்தியில், நாற்பது குடும்பம் இருக்கும் ஒரு இடத்தில் ஆட்களின் பட்டியல் எழுதும் வேலை செய்வதாகச் சொன்னாள். விமானம் வந்தால் அடிக்க ஒரு மணி வைத்திருக்கிறார்களாம். ஒரே மணி, ஒரே அர்த்தம், நானே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் தூங்குவேன் என்று எழுதியிருந்தாள்.

என்னால் உட்கார முடிவதில்லை. தெற்கு முனைக்கு நடப்பேன். ஆற்றைப் பார்ப்பேன். வடக்கு முனைக்கு நடப்பேன். அங்கே இப்போது ஒரு புதுப் பெண் காய்கறி விற்கிறாள். நல்ல பெண்தான். ஃபயோன் தீ, ஃபயோன் தீ என்று கூவுகிறாள். ஒவ்வொரு முறையும் அது எந்த மொழி என்று காது கொடுத்துக் கேட்கிறேன். நேற்று ஒரு வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. தேர்தல், வந்து ஓட்டுப் போடுங்கள் என்றது. எங்கள் தெருவில் ஏற்கெனவே ஒரு தேர்தல் நடந்தது. அக்காவின் டின் கோ அவுங் கடையில் இன்னும் இருக்கிறது. அதில் இப்போது சர்க்கரை வைத்திருக்கிறார்.

இழப்பைச் சொல்லி முடிக்கிறேன். பதினொரு வீட்டில் மிச்சம் நாலு. மா சூவும் அவள் தாயும் எங்கே என்று தெரியாது. கோ அவுங்கின் தம்பியைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்கள், கடிதம் இல்லை. ஊ பா போன வருடம் மருந்து கிடைக்காமல் இறந்தார். அவர் கடிகாரம் என்னிடம் இருக்கிறது. என் அத்தானின் வீடு. ஒரு தராசு. பாக்கியம் அக்கா, ஒருவர். ஓட்டுப் போட்டு நாங்கள் தேர்ந்தெடுத்த ஒரே தலைவர். உடல் இல்லை, சாம்பல் இல்லை. என் மகளின் வலது காது. அவள் வாழ்வில் இருபது மாதம். அவளுடைய தமிழ். கோபம் வந்தால் மட்டும் வரும் தமிழ் அது. இப்போது அவள் என்மேல் கோபப்படுவதே இல்லை.

அவள் எண்ணியது நூறு. நான் எண்ணியது ஒன்பது. ஒன்பது என்று தெரிந்த பிறகும் நான் படகை நிறுத்தச் சொல்லவில்லை.